நைஜீரியாவுக்கு ஆள் அனுப்பும் முன்

"ஏனுங்க சார், அங்க ஆளைக் கடத்தீட்டுப் போயிடறாங்களாமா, நெசமுங்களா?"

எங்கள் சர்வீஸ் இன்ஜினியர் ஒருவரின் அம்மா ஆபீஸுக்கே வந்து கேட்ட கேள்வி இது. போனில் யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மகன் நெளிந்துகொண்டு நின்றான். அடுத்த மாதம் அவன் நைஜீரியா போக வேண்டும்.

கோவையில் பம்ப் செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியாளர் பாதுகாப்பு என் பொறுப்பு. பம்ப் விற்ற இடத்துக்கெல்லாம் அதைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் ஆள் போகவேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு அனுப்பியிருக்கிறோம். அதிகக் கேள்வி வருவது நைஜீரியாவுக்குத்தான்.

நெசம்தானுங்கம்மா என்று சொன்னேன். மறைத்துப் பேசினால் அடுத்து நான் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். அப்புறம் மேப்பைத் திறந்து காட்டினேன். நைஜீரியா தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு பெரிய நாடு. போகோ ஹராம் என்ற ஆயுதக் குழுவின் பெயர் அடிபடும் போர்னோ மாநிலம் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. அதன் தலைநகர் மைடுகுரியிலிருந்து லாகோஸுக்கு நேர்கோட்டில் அளந்தாலே 1,200 கிலோமீட்டர் வரும். பையன் போவது லாகோஸில் இக்கேஜா என்ற தொழிற்பகுதிக்கு. அங்கே ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. அங்கே இருக்கிற ஆபத்து வேறு.

"அந்த நாடு பாதுகாப்பா?" என்பது பதில் இல்லாத கேள்வி. அதனால் பயணத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்வேன். விமான நிலையத்திலிருந்து ஹோட்டல், ஹோட்டலிலிருந்து ஃபேக்டரி, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர். ஒவ்வொரு துண்டிலும் யார் போகிறார், எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் என்று கேட்பேன். ஒரே சாலை காலை 10 மணிக்கு ஒன்றாகவும் இரவு 9 மணிக்கு வேறொன்றாகவும் இருக்கும். அரசுகளின் பயண அறிவிப்புகளையும் இப்படித்தான் படிக்கவேண்டும். அமெரிக்கா நைஜீரியாவைப் பல வருடங்களாக மூன்றாம் நிலையில் (போவதா என்று மறுபடி யோசி) வைத்து, சில மாநிலங்களை மட்டும் நான்காம் நிலைக்கு (போகாதே) ஏற்றி எழுதியது. பிரிட்டன் வண்ணம் தீட்டிய வரைபடமே போடுகிறது. எல்லோரும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விஷயம் கீழே மாநிலம் மாநிலமாக எழுதியிருக்கும் பத்திகளில் இருக்கிறது.

அதிலும் கிடைக்காத தகவல்கள் உண்டு. தென்கிழக்கில் அபா, ஒனிட்சா பக்கம் 2021 ஆகஸ்டிலிருந்து திங்கட்கிழமைகளில் கடையடைப்பு நடந்தது. நம்டி கானு என்ற பிரிவினைத் தலைவரின் கைதை எதிர்த்து ஆரம்பித்தது. அன்றைக்கு வெளியே நடமாடினாலே சிலர் தாக்கினார்கள். இது தெரியாமல் அபாவில் திங்கட்கிழமை காலை மீட்டிங் போட்டிருந்தார் எங்கள் சேல்ஸ் மேனேஜர். அந்த ஊர் டீலரின் கிளார்க் சிரித்துக்கொண்டே சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஊர்க்காரர் இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் கேட்காமல் தேதி குறிப்பதில்லை. ஒருவர் நம்மிடம் வியாபாரம் எதிர்பார்ப்பவராக இருந்தால் இன்னொருவர் அப்படி இல்லாதவராக இருப்பது நல்லது. ஆர்டர் வேண்டும் என்பவருக்கு எல்லாச் சாலையும் நல்ல சாலைதான்.

நேற்று சரியாக இருந்த பதில் இன்றைக்கும் சரியாக இருக்கும் என்று நம்புவதும் ஆபத்து. தலைநகர் அபுஜாவிலிருந்து கடுனா போகும் நெடுஞ்சாலை ஆள்கடத்தலுக்குப் பேர்போனது. அதனால் 2016-இல் ரயில் ஓட ஆரம்பித்ததும் வசதியுள்ளவர்கள் ரயிலுக்கு மாறினார்கள். எங்கள் படிவத்திலும் 'சாலை வேண்டாம், ரயில்' என்றுதான் இருந்தது. 2022 மார்ச் 26 அன்று கடுனா விமான நிலைய வளாகத்துக்குள் ஆயுதக் கும்பல் புகுந்தது. மார்ச் 28 இரவு அதே தடத்தில் ரயிலைக் குண்டு வைத்து நிறுத்திச் சுட்டார்கள். குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடத்திப் போனார்கள். கடைசியாக இருந்தவர்கள் விடுதலையானது அக்டோபரில். ரயில் மறுபடி ஓடியது டிசம்பரில். அன்று எங்கள் ஆள் யாரும் அந்தப் பக்கம் இல்லை. அது என் திறமையால் இல்லை, எங்களுக்கு அங்கே வேலை இல்லாததால். இப்போது படிவத்தில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'விசாரித்த தேதி' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் அந்தத் தேதி இல்லையென்றால் கையெழுத்துப் போடமாட்டேன்.

இத்தனை வருடத்தில் எங்கள் ஆட்கள் யாரையும் துப்பாக்கி தொடவில்லை. ஒருவரைக் கொசு கிட்டத்தட்ட கொன்றுவிட்டது.

உலகத்தில் வரும் மலேரியாவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நைஜீரியாவில் மட்டும். அதுவும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. நான் சொல்லும் இன்ஜினியர் மூன்று வாரம் வேலை செய்துவிட்டு நல்லபடியாக ஊர் திரும்பினார். பத்தாம் நாள் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் பார்த்தார்கள். பிளேட்லெட் குறைந்திருந்தது, டெங்கு சீசன் வேறு. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தும் வைரல் காய்ச்சல் என்றே இரண்டு நாள் ஓடியது. மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும். "எங்கேயாவது வெளியூர் போனீங்களா?" என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நான்காம் நாள் பேச்சு குழறியபோதுதான் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஐ.சி.யூ.வில் ஐந்து நாள் இருந்தார்.

கிளினிக்கை நான் குறை சொல்லமாட்டேன். தப்பு என்னுடையது. போவதற்கு நான்கு பக்கம் திட்டம் எழுதியவன், திரும்பி வந்த பிறகு என்ன என்று ஒரு வரி எழுதவில்லை. தடுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தோம், டாக்ஸிசைக்ளின். ஊருக்கு வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் போடவேண்டிய மருந்து அது. விமானம் ஏறியதும் நிறுத்திவிட்டார். வேறு சில மாத்திரைகள் திரும்பிய பின் ஒரு வாரம் போட்டால் போதும். எது யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். நான் இப்போது செய்வது ஒரு சிறிய அட்டை: 'நான் இன்ன தேதி வரை நைஜீரியாவில் இருந்தேன். காய்ச்சல் வந்தால் முதலில் மலேரியா பாருங்கள்.' மூன்று மாதம் அது பர்ஸில் இருக்கவேண்டும், வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் கிளம்பவே முடியாது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். 2016-இலிருந்து அது ஆயுள் முழுவதும் செல்லும். சான்றிதழைத் தொலைத்துவிட்டு வந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கச் சட்டம் உண்டு.

லாகோஸில் இறங்கிய பிறகு அதிகம் தடுமாறுகிற இடம், விமான நிலையத்துக்கு வெளியே வரும் முதல் பதினைந்து நிமிடம். ஒருமுறை எங்கள் ஆள் பெயரை எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றார். உண்மையான டிரைவர் பிடித்திருந்த அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு நான்கு அடி முன்னால் வந்து நின்றவர் அவர். நாங்கள் டிரைவரின் படமும் வண்டி எண்ணும் முன்கூட்டியே அனுப்பியிருந்தோம், ஒரு சொல்லும் பேசி வைத்திருந்தோம். "பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டதும் அந்த ஆள் கூட்டத்தில் மறைந்துவிட்டாராம். இரவில் இறங்கும் விமானத்துக்கு நான் டிக்கெட் போட விடுவதில்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய் அதிகம் என்று அக்கவுண்ட்ஸில் ஒவ்வொரு முறையும் சண்டை நடக்கும். நடக்கட்டும்.

டிராஃபிக் நெரிசலுக்கு அங்கே 'கோ-ஸ்லோ' என்று பெயர். அதில் நிற்கும்போது கண்ணாடியை ஏற்றி, போனை மடிக்குக் கீழே வைக்கவேண்டும். பின்சீட்டிலும் பெல்ட் போடவேண்டும். மாமனார் போட்ட ஐந்து பவுன் செயின் வீட்டிலேயே இருக்கட்டும். இதைச் சொன்னதற்கு ஒரு புது மாப்பிள்ளை என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

இன்சூரன்ஸ் பாலிசியில் எல்லோரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். எதற்கெல்லாம் தரமாட்டோம் என்ற பக்கத்தைப் படியுங்கள். அரசு போகாதே என்று எச்சரித்த பகுதிக்குப் போனால் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கும். நோயாளியை விமானத்தில் வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

போகிறவரிடம் ஒட்டிய கவர் ஒன்று எழுதி வாங்கி வைப்போம். கடத்தல் என்று போன் வந்தால், ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அவருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி அதில் இருக்கும். அதைக் கொடுக்கும்போது எல்லாருடைய முகமும் ஒரு நிமிடம் மாறும். இந்தப் பையன் எழுதியது, 'சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர்'. அவன் ஃபேஸ்புக்கைத் திறந்து காட்டினேன். நாயும் இருந்தது, கீழே பெயரும் இருந்தது. வேறு எழுதிக் கொடுத்தான்.

"பயமா இருந்தா வேண்டாம்னு சொல்லு, அப்ரைசல்ல எதுவும் வராது" என்று அம்மா முன்னாலேயே அவனிடம் சொன்னேன். இதை எம்.டி.யிடம் எழுத்தில் வாங்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. போகிறேன் என்றான்.

தினமும் அங்கே இரவு 7 மணிக்குள் மெசேஜ் போடவேண்டும் என்பது எங்கள் விதி. அம்மா விரல்விட்டு எண்ணினார். நைஜீரியா நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், அப்படியானால் இங்கே பதினொன்றரை. "அதுவரைக்கும் முழிச்சிருக்கணுமுங்களா?" என்றார். சரி என்று அவருக்காக 5.30 ஆக்கினோம், இங்கே பத்து மணி. அந்த மெசேஜை ஹோட்டல் அறையிலிருந்துதான் போடவேண்டும் என்றும் சேர்த்தோம். மூன்று வாரமும் பையன் இருட்டும் முன் அறைக்கு வந்துவிட்டான். இப்போது எல்லோருக்கும் அதே 5.30தான்.