ஏலத்தோட்டத்து மருந்து வீட்டுத் தொட்டிக்கு வேண்டாம்

கம்பம், கூடலூர்ப் பகுதியிலிருந்து ஜீப்பில் மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் சிலர், அங்கே மிஞ்சிய பூச்சிமருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து வீட்டுச் செம்பருத்திக்கும் மணிபிளான்ட்டுக்கும் அடிக்கிறார்கள். ஏலச்செடியில் இலைப்பேனுக்கு அடித்துவந்த குயினால்பாஸ் போன்றவை, கையுறையும் முகக்கவசமும் அணிந்து திறந்தவெளியில் கையாள வேண்டிய நஞ்சுகள். குழந்தை தவழும் அறையில் அவற்றுக்கு வேலையில்லை. டப்பாவின் முக்கோணம் சிவப்பானால் மிகக் கடும் நஞ்சு, மஞ்சளானால் கடும் நஞ்சு என்று அறியலாம். பாட்டில் மாறியதும் அந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் தொட்டிச்செடிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது மாவுப்பூச்சிதான். இலைக்காம்பு தண்டோடு சேரும் கவட்டில் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும். அதனுள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உடலில் மெழுகு படிந்திருப்பதால் வெறும் தண்ணீர் அதன்மேல் ஒட்டாது. செடியைத் தனியே நகர்த்தி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கவடு கவடாகத் துடைத்தபின், 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலில் நன்கு கலந்து, அதை ஒரு லிட்டர் தண்ணீரில் சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும். தப்பிய முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்குமாதலால், 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது இதைச் செய்யாவிட்டால் முதல்நாள் உழைப்பு வீண். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக அதைக் காக்கும் எறும்புகளையும் தொட்டியில் ஏறவிடக் கூடாது.

துடைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளை இழைகள் தொங்க, மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, விறுவிறுவென நடப்பது கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்னவே வந்த அதைத்தான் பலரும் முதலில் நசுக்குகிறார்கள். 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவியபோது, மருந்தால் அடங்காததை அடக்கியது 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிதான். தோட்டத்து மருந்து இந்த உதவியாளர்களையும் சேர்த்தே கொல்லும்.

இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் அது சிலந்திப்பேன். அதற்கு எட்டுக்கால், பூச்சியினமே அன்று. கடும் மருந்தடித்தால் அதன் எதிரிகள் செத்து, அது இன்னும் பெருகும். இலையின் அடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதே முதல் வைத்தியம்.

இவ்வளவும் செய்தபின் செடி வாடினால், தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்; அங்கே வெள்ளைத் துகள் படிந்திருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுதும் அப்புறப்படுத்தி, வேரைக் கழுவி, புதுமண்ணில் நட வேண்டும்.