டி டிரைவில் இடம் சும்மா கிடக்கிறது, சி டிரைவுக்கு ஏன் கொடுக்க முடியவில்லை?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் வாங்கினால் பல கடைகளில் அவர்களே விண்டோஸ் போட்டு, டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்துத்தான் கையில் தருவார்கள். சி-க்கு 100 ஜிபி, மிச்சமெல்லாம் டி. கொஞ்ச காலத்தில் சி நிரம்பி அதன் பட்டை சிவப்பாகிவிடும், டி பாதிக்கு மேல் காலியாக இருக்கும். அல்சூரிலோ விவேக் நகரிலோ நம் ஆட்கள் வீட்டில் கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூப்பிட்டால் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி, "தம்பி, டி-ல இவ்வளவு இடம் இருக்கே, அதுல கொஞ்சம் எடுத்து சி-ல போட்டுடேன்." நியாயமான கேள்விதான். ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் டி-யைச் சுருக்கிவிட்டு சி-யின் மேல் ரைட் கிளிக் செய்தால், எக்ஸ்டெண்ட் வால்யூம் என்ற வரி மங்கலாக நிற்கும், அழுத்த முடியாது.

காரணம் பார்ட்டிஷன், அதாவது சி, டி என்ற இந்தப் பிரிவு, எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. டிஸ்க் என்பது வரிசையாக எண் போட்ட செக்டார்கள் என்ற குட்டித் துண்டுகள், ஒவ்வொன்றும் வழக்கமாக 512 பைட். இந்த எண்ணில் தொடங்கி இந்த எண்ணில் முடிகிறது என்று டிஸ்க்கின் தலைப்பகுதியில் எழுதி வைத்த ஒரு குறிப்புதான் பார்ட்டிஷன். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. 1983-ல் டாஸ் 2.0-வோடு வந்த எம்பிஆர் முறையில் இந்தக் குறிப்புக்கு முதல் செக்டாரில் மொத்தமே 64 பைட்தான், அதில் நான்கு பார்ட்டிஷன்களுக்குத்தான் இடம், செக்டார் எண்ணை 32 பிட்டில் எழுதியதால் 2 டிபிக்கு மேல் கணக்கே வராது. இப்போதைய கம்ப்யூட்டர்களில் உள்ள ஜிபிடி முறையில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை விடுகிறது, குறிப்பின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும்.

சரி, இப்போது சி இடது பக்கம், அதை ஒட்டி வலது பக்கம் டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்குள்ளும் ஃபைல்களை அடுக்கி வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறை, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பதைத் தன்னுடைய தொடக்கத்திலிருந்து எத்தனையாவது கட்டம் என்றுதான் குறித்து வைக்கிறது. அதனால் வலது ஓரத்தை நீட்டுவது சுலபம்: முடிவு எண்ணை மாற்றி, புதிதாக வந்த கட்டங்கள் காலி என்று குறித்தால் போதும், சில நொடி வேலை. இடது ஓரத்தை நகர்த்தினால் தொடக்கமே மாறுகிறது, எண்ணிய கணக்கெல்லாம் தப்பாகிவிடும், உள்ளே இருப்பதை எல்லாம் தூக்கி வேறு இடத்தில் வைத்தால்தான் சரியாகும். விண்டோஸ் டி-யைச் சுருக்கும்போது காலி இடம் டி-யின் வலது ஓரத்தில் கிடைக்கிறது. சி-க்கும் அந்த இடத்துக்கும் நடுவில் டி முழுசாக நிற்கிறது. 30-க்கு 40 சைட்டில் பின்பக்கம் காலி விட்டிருக்கிறீர்கள், முன்பக்கத்துக்காரருக்கு இடம் வேண்டும் என்றால் உங்கள் வீட்டையே பின்னால் தள்ள வேண்டும், அந்தக் கதைதான்.

மினிடூல், ஈஸ்யுஎஸ், ஏஓஎம்இஐ போன்ற பார்ட்டிஷன் மென்பொருள்களும், லினக்ஸ் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜிபார்ட்டெடும் செய்வது இந்த வீடு தள்ளுகிற வேலையைத்தான். டி-யில் இருப்பதை வலப்பக்கமாக, கடைசியிலிருந்து ஆரம்பித்து, துண்டு துண்டாக நகலெடுக்கின்றன. முன்னாலிருந்து ஆரம்பித்தால், பழைய இடமும் புதிய இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், இன்னும் நகலெடுக்காத டேட்டாவின் மேலேயே எழுத வேண்டி வரும். எல்லாம் முடிந்த பிறகு தொடக்க எண் மாற்றி எழுதப்படுகிறது. திரையில் ஒரு கோட்டை மவுஸால் இழுப்பது போலத்தான் தெரியும், ஆனால் உள்ளே நூற்றுக்கணக்கான ஜிபி நகர்கிறது, பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். நடுவில் கரண்ட் போனால் டேட்டாவில் பாதி புது இடத்தில், பாதி பழைய இடத்தில், குறிப்பில் இருப்பது எதற்கும் பொருந்தாது. ஏப்ரல், மே சாயங்கால மழையில் பெங்களூரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் தயவுசெய்து இதை ஆரம்பிக்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். சதவீதம் ஒரே எண்ணில் நெடுநேரம் நின்றாலும் பவர் பட்டனைத் தொடக்கூடாது.

இன்னொரு குழப்பம். டிரைவில் 200 ஜிபி காலி, ஆனால் டிரைவைச் சுருக்கும் ஷ்ரிங்க் வால்யூம் கொஞ்சம்தான் விடுவேன் என்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாத சில ஃபைல்கள் உண்டு: ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், ரிஸ்டோர் பாயிண்ட்கள், என்டிஎஃப்எஸ்ஸின் சொந்தப் பட்டியல். இவற்றில் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தால் டிரைவின் வலது ஓரத்தை அதைத் தாண்டி இடப்பக்கம் கொண்டுவர முடியாது. முதல் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் பெரும்பாலும் சுருக்கக் கிடைக்கும் அளவு கூடும்.

டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் பெயரில்லாமல் தெரியும் குட்டிப் பார்ட்டிஷன்களை வீண் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். 100 ஜிபி அல்ல, 100 எம்பி அளவில் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் போனால் விண்டோஸ் பூட் ஆகாது. விண்டோஸ் பழுதானால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன் பல சமயம் சி-க்கு வலது பக்கம் ஒட்டியே இருந்து, அதுவும் சி நீள்வதைத் தடுக்கும். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட், இந்த ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாமலேயே பல கம்ப்யூட்டர்களில் நின்றுபோனது. கமாண்ட் கொடுத்து அதை 250 எம்பி பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்டே வழி சொல்ல வேண்டி வந்தது.

என்னைக் கேட்டால், சி-யும் டி-யும் நேரடியாக ஒட்டியிருந்தால் வெளி மென்பொருளே தேவையில்லை. டி-யில் இருப்பதை எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி செய்து, நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, டி-யை டெலிட் செய்யுங்கள், சி-யை வேண்டிய அளவு நீட்டுங்கள், மிச்சத்தில் புது டி உண்டாக்குங்கள். பழைய எம்பிஆர் டிஸ்க்கில் டெலிட் செய்த பிறகும் பச்சை நிறத்தில் ஃப்ரீ ஸ்பேஸ் என்று காட்டினால் அதையும் ஒருமுறை டெலிட் செய்தால்தான் கறுப்புப் பட்டையாக மாறும், சி அப்போதுதான் நீளும். இந்த வழியில் நேரம் காப்பிக்குத்தான் போகிறது, அந்த காப்பியே உங்கள் பேக்கப்பாகவும் இருக்கிறது. நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் நின்றால் மட்டும் மென்பொருளைத் தேடுங்கள், அப்போதும் பேக்கப் எடுத்த பிறகுதான்.

தவறுதலாக வேறு பார்ட்டிஷனை டெலிட் செய்துவிட்டால் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் நிறுத்துங்கள். போனது குறிப்பு மட்டும் என்றால் டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவசக் கருவி அதைத் தேடிப்பிடித்துத் திரும்ப எழுதிவிடும். எஸ்எஸ்டி-யில் ஃபார்மட்டும் செய்துவிட்டீர்கள் என்றால் கஷ்டம், அந்த இடமெல்லாம் காலி, அழித்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் டிரிம் என்ற கட்டளை மூலம் எஸ்எஸ்டி-க்கே சொல்லிவிடும்.

அப்புறம் பிட்லாக்கர், அதாவது கீ இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. புது விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே அது தானாக ஆன் ஆகியிருக்கும், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பார்ட்டிஷனைத் தொட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். வேலையைத் தொடங்கும் முன் அந்தக் கணக்கில் போய் கீயை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிடுங்கள்.