பழைய பைப்பை மாற்ற மானியம் வந்தால், யார் எதற்குக் காசு கட்டுவது?

ஊரில் பழைய தண்ணீர்க் குழாய்களை மாற்றப் போகிறார்கள், வெளிநாட்டு மானியம் வந்திருக்கிறதாம் என்று ஒரு பேச்சு எழும்பினால், அதோடு சேர்ந்து வேறு பேச்சுகளும் கிளம்பிவிடும். எல்லாமே சும்மாதான், குசினி பைப் வரைக்கும் அவர்களே போட்டுத் தருவார்கள் என்று ஒருவர் சொல்வார். இல்லை இல்லை, பில்லைக் கூட்டுவதற்குத்தான் இந்த வேலை என்று இன்னொருவர். இரண்டுமே முழுக்கச் சரியில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீதியைக் கிண்டத் தொடங்குவதற்கு முன்னமே ஒரு குடும்பம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விசயங்களை இங்கே எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் கிண்டி முடிந்த பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள், அப்போது கேட்டுப் பெரிதாகப் பலன் இல்லை.

முதலில் எந்தக் குழாயைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். மட்டக்களப்பு நகரத்துக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவிக்கு இந்தப் பக்கம் வருகிறது. அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களுக்குக் கொண்டவட்டுவான் பக்கமிருந்து வருகிறது. அங்கிருந்து பெரிய குழாய், பிறகு உயரத் தாங்கி, பிறகு வீதி வீதியாகப் போகும் விநியோகக் குழாய், கடைசியில் உங்கள் மீற்றருக்கு வரும் சிறிய குழாய். மானியத்தில் மாற்றுகிறோம் என்று சொல்லும்போது பெரும்பாலும் வீதிக்குக் கீழே கிடக்கும் அந்த விநியோகக் குழாயைத்தான் சொல்கிறார்கள்.

அது ஏன் பழுதாகிறது? இரும்பு என்றால் துருப்பிடிக்கும், கடலும் வாவியும் பக்கத்தில் இருக்கிற உப்பு மண்ணில் அது இன்னும் சுறுக்காக நடக்கும். அஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாய் என்றால் காலப்போக்கில் சீமெந்து கரைந்து சுவர் மெலிந்து, மேலே ஒரு பாரமான லொறி போனாலே வெடிக்கும். பிளாஸ்டிக் குழாயில் பெரும்பாலும் பொருத்துகள்தான் இளகி ஒழுகும். இதோடு, இருக்கிற குழாய் போதாமல் போவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோரக் கிணறுகளுக்குள் கடல் தண்ணீர் போய் உப்பாகிவிட்டதால், அதுவரை கிணற்றையே நம்பி இருந்த குடும்பங்களும் பைப் தண்ணீருக்கு மாற வேண்டி வந்தது. வீடுகள் கூடக் கூட அதே குழாயில் புதுப் புது இணைப்புகள். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் நூலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கசிவைத் தண்ணீர் வீணாகும் விசயமாக மட்டும் பார்க்கக் கூடாது. விநியோகம் நின்று குழாயில் அழுத்தம் விழுந்தவுடன், வெளியே தண்ணீர் கசிந்த அதே வெடிப்பு வழியாகச் சுற்றி நிற்கும் அழுக்குத் தண்ணீர் உள்ளே போகலாம். மழைக் காலத்தில் எங்கள் கான்கள் எப்படி நிரம்பி நிற்கும் என்று தெரியும்தானே. பழைய குழாயை மாற்றுவதில் எனக்கு அக்கறை வருவதே முக்கியமாக இதனால்தான்.

சரி, மானியத்துக்கு வருவோம். இங்கேதான் குழப்பம் அதிகம். வெளிநாட்டுக் காசு என்றால் எல்லாவற்றையுமே உதவி என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் பெரும்பகுதி கடன். கொழும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு காலத்தில் சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் ஏறக்குறையப் பாதி பில்லில் ஏறாமல் கசிவிலும் களவிலும் ஓடாத மீற்றரிலும் போய்க்கொண்டிருந்தது, அதைக் குறைப்பதற்காக ஆசிய அபிவிருத்தி வங்கியின் காசோடு 2012 இல் தொடங்கிய திட்டத்தில் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை மாற்றினார்கள். நல்ல வேலைதான், ஆனால் அந்தக் காசு கடன். வட்டியோடு திறைசேரி திருப்பிக் கட்ட வேண்டிய காசு.

மானியம் என்பது திருப்பிக் கேட்காத காசு. கடன் என்றால் திறைசேரி வெளியே வாங்கி, அதில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொண்டு மற்றப் பங்கைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் தலையில் போடலாம். சபைக்கு வருமானம் எங்கே இருந்து வருகிறது? பெரும்பாலும் உங்கள் பில்லில் இருந்து. அப்படியென்றால் மானியமா கடனா என்ற கேள்விக்கும் உங்கள் பில்லுக்கும் தொடர்பு இருக்கிறது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, நாடுகளிடம் கடன் வாங்கிச் செய்த பல வேலைகள் பாதியில் நின்றன. ஜப்பான் தன் பக்கத் திட்டங்களை மறுபடி தொடங்குவதாக 2024 ஜூலையில்தான் அறிவித்தது. காசு எந்த வகையில் வருகிறது என்று கேட்பதற்கு இது இன்னொரு காரணம், குழி தோண்டிப் போட்டுவிட்டு வேலை நின்றால் அந்தக் குழியோடு இருக்கப் போவது நாங்கள்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முழு மானியம் என்று சொல்லும் திட்டத்திலும் எல்லாச் செலவும் மானியத்துக்குள் அடங்காது. வரி, காணி, மேற்பார்வை ஆட்களின் சம்பளம், சில வேளை வீதியைப் பழையபடி போடும் செலவு இவையெல்லாம் உள்நாட்டுப் பங்காக அரசாங்கம் போட வேண்டி வரும். அந்தப் பங்கு நேரத்துக்கு விடுவிக்கப்படாவிட்டால் குழாய் புதைந்திருக்கும், மேலே தார் வராது.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள், அங்கே வீடு வரைக்கும் சும்மா மாற்றிக் கொடுக்கிறார்கள் என்று சொல்வதுண்டு. அமெரிக்காவில் 2021 உட்கட்டமைப்புச் சட்டத்தில் ஈயக் குழாய்களை மாற்றுவதற்கென்றே 1,500 கோடி டொலர் ஒதுக்கினார்கள், உண்மைதான். ஆனால் அதில் 49 சதவீதம்தான் மானியமாகவோ திருப்பிக் கேட்காத கடனாகவோ போக வேண்டும், மற்றது கடன். அங்கே வீட்டுக்கு வரும் குழாயில் ஒரு துண்டு பல இடங்களில் வீட்டுக்காரருடைய சொத்து. வீதிப் பக்கத்துத் துண்டை மட்டும் மாற்றினால் மிச்சத் துண்டு அசைந்து ஈயம் தண்ணீரில் கூடிவிடும் என்பதால்தான் முழுவதையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். அந்தக் காரணத்தை விட்டுவிட்டு இங்கே ஒப்பிடுவது பொருந்தாது.

இங்கே எல்லைக்கோடு மீற்றர். மீற்றர் வரைக்கும் சபையின் பொறுப்பு, மீற்றருக்கு அப்பால் வளவுக்குள் இருப்பதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஏற்கனவே இணைப்பு இருக்கிற வீட்டைப் பழைய குழாயிலிருந்து புதுக் குழாய்க்கு மாற்றுவது வழக்கமாகத் திட்டச் செலவுக்குள் வரும் வேலை. புதிதாக இணைப்பு எடுப்பது வேறு விசயம், அதற்கு மதிப்பீடும் கட்டணமும் வீதியை வெட்டும் செலவும் விண்ணப்பதாரர் தலையில். இந்த இரண்டையும் கலந்துகட்டி, இணைப்பு மாற்றித் தருகிறோம் என்று வீட்டு வாசலில் நின்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அது என்ன கட்டணம், எந்த ரசீது என்று கேளுங்கள், சபையின் காரியாலயத்தில் போய்க் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

வீதி விசயம் சுருக்கமாக. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சீ, டீ வகை மாகாண சபையிடம், உள்வீதிகள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளிடம் இருக்கின்றன. வெட்டிய இடம் மூடாமல் கிடந்தால் எந்தக் காரியாலயத்துக்குப் போவது என்பது இதில்தான் இருக்கிறது. கண்ட கண்ட இடத்துக்கு அலைய வேண்டாம்.

இனி முக்கியமான இடம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 9 ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வெளிநாட்டுக் காசில் நடக்கும் திட்டத்தின் பெறுமதி ஒரு இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டினால், உள்நாட்டுக் காசு என்றால் ஐந்து இலட்சம் ரூபாயைத் தாண்டினால், அந்தத் திட்டத்தைப் பற்றிய தகவல்களை வேலை தொடங்குவதற்கு 3 மாதத்துக்கு முன்னமே பொதுமக்களுக்கும், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தெரியப்படுத்துவது பொறுப்பான அமைச்சரின் கடமை. அவசரத் திட்டம் என்றால்கூட ஒரு வாரத்துக்கு முன் சொல்ல வேண்டும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு குடிமகன் எழுத்தில் கேட்டால் அப்போதைய நிலைமையையும் தர வேண்டும். ஒரு ஊரின் குழாய்களை மாற்றும் வேலை இந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே ஒரு காலை எழும்பிக் கதவைத் திறந்தால் வாசலில் குழி வெட்டியிருக்கிறது என்ற நிலைமையைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

யாரும் வந்து சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். நீர் வழங்கல் சபையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதை எழுதி எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த உத்தியோகத்தர்தான். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால், அல்லது பதிலே இல்லாவிட்டால், 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டைப் பார்ப்பதற்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கிடைத்தது என்ற ஏற்புக் கடிதத்தை மறக்காமல் வாங்கி வையுங்கள், அது இல்லாமல் நாள் கணக்கைக் காட்ட முடியாது.

என்ன கேட்பது என்பதில்தான் விசயம் இருக்கிறது. பைப் வேலை பற்றி விபரம் தரவும் என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். மொத்தச் செலவில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கடனை யார் திருப்பிக் கட்டுவது என்று கேளுங்கள். எங்கள் வட்டாரத்தில் எந்தெந்த வீதிகள், உங்கள் ஒழுங்கையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, குழாயின் வகையும் விட்டமும் என்ன, இணைப்பை மாற்றும் செலவு யாருடையது, வெட்டிய வீதியை எத்தனை நாளைக்குள் போட வேண்டும் என்று கொந்தராத்தில் எழுதியிருக்கிறது, இதையெல்லாம் கேளுங்கள். பள்ளிவாசல், கோயில் நிர்வாகமோ மாதர் சங்கமோ சேர்ந்து கேட்டால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் அதே கேள்வியை வைக்கலாம், அங்கே சபை ஆட்களும் வருவார்கள்.

வேலை நடக்கும்போது என்ன எதிர்பார்க்கலாம்? புதுக் குழாயைப் பழையதற்குப் பக்கத்தில் போட்டு, அழுத்தம் ஏற்றிப் பார்த்து, குளோரின் கூடப் போட்ட தண்ணீரை நிரப்பி வைத்து, பிறகு கழுவி விட்டு, மாதிரி பரிசோதித்த பிறகுதான் வீடுகளை மாற்ற வேண்டும். பழைய குழாய் அநேகமாக மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அஸ்பெஸ்டஸ் குழாயில் வந்த தண்ணீரைக் குடித்தோமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: குடிப்பதால் தீங்கு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆபத்து அதன் தூசைச் சுவாசிப்பதில். ஆகவே அந்தக் குழாயை நனைக்காமல் வாளால் அறுக்கும் இடத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள், உடைந்த துண்டுகளை முற்றத்துக்குள் எடுத்து வைக்காதீர்கள். இணைப்பு மாற்றிய அன்று முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கலாம், வெளிப் பைப்பைத் திறந்து தெளியும் வரை ஓட விடுங்கள், அதற்கு முன் மேல் தாங்கிக்குப் போகும் வால்வை மூடுங்கள். ஒரு நாளுக்கு மேலும் கலங்கலோ நாற்றமோ இருந்தால் சபையின் 1939 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

புதுக் குழாய் வந்தால் அழுத்தம் கூடும், அப்போது உங்கள் வளவுக்குள் இருக்கிற பழைய பொருத்துகள் ஒழுகத் தொடங்கும். இதைப் பலர் யோசிப்பதில்லை, பில் கூடியதும் புது மீற்றர் பிழை என்று சண்டைக்குப் போகிறார்கள். இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரின் சின்னச் சில்லைப் பாருங்கள். சுற்றினால் மீற்றருக்கு அப்பால் எங்கேயோ ஒழுகுகிறது. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 1,440 லீற்றர், மாதத்துக்கு 43 அலகு (ஒரு அலகு என்பது 1,000 லீற்றர்). அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் கூடும் என்பதால் பில் பல மடங்கு ஏறும்.

அப்புறம், மீற்றரையும் சேர்த்து மாற்றுகிறார்கள் என்றால், கழற்றுவதற்கு முன் பழைய மீற்றரின் கடைசி வாசிப்பும் இலக்கமும் தெரியும்படி போனில் ஒரு படம் எடுங்கள், புதியதை மாட்டியதும் அதையும் எடுங்கள். அடுத்த பில்லில் வாசிப்பு ஒத்துவராவிட்டால் திருத்தம் கேட்கப் போகும்போது கையில் காட்ட அது இருக்க வேண்டும்.