புள்ளிதானே என்று சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மூலைக்கரைப்பட்டி பக்கம் ஒரு புஞ்சையை அளந்து கல் ஊன்றிவிட்டு, பாளையங்கோட்டையில் இருக்கிற என் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறு. வாசலில் ஒரு பெண் காத்திருந்தார். பட்டா விஷயமாகவோ பாகப்பிரிவினை வரைபடத்துக்காகவோ வந்திருப்பார் என்று நினைத்தேன். கையில் பத்திரம் எதுவும் இல்லை. செல்போனை நீட்டினார்.

“அண்ணாச்சி, நீங்க மேப்பு வேலை பாக்கியளாமே. இதுலேருந்து எங்க வீட்ட எடுத்துத் தருவியளா?”

வாங்கிப் பார்த்தேன். மாடித்தோட்டம் போடுகிறவர்களின் வாட்ஸாப் குழு ஒன்று. முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, அப்புறம் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற நம்மூர்க்காரர்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் விதை மாற்றிக்கொள்ள வசதி என்று குழு நடத்துகிறவர் ஒரு மேப் போட்டிருக்கிறார். மேப் முழுக்கப் பச்சைப் புள்ளி. அதில் ஒன்று இந்தப் பெண்ணின் வீடு. ஆற்றங்கரையில் நாற்பது வீடு உள்ள ஊர். வீட்டில் அவரும் வயதான அம்மாவும் மட்டும்தான்.

மூன்று மாதத்துக்கு முன் அந்தக் குழுவில் ஒருவனை அவர் பிளாக் செய்திருக்கிறார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ‘தூங்கிட்டியளா’ என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன். அவன் அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் வந்து கேட்டைத் தட்டியிருக்கிறான். கையில் ஒரு பொட்டலம்.

“செறகவரை வெதை கேட்டியள்லா அக்கா, கொண்டாந்திருக்கேன்னு சொல்லுதான். வீடு எப்படித் தெரியும்னு கேட்டேன். அதான் மேப்புல போட்டுருக்கே அப்படிங்கான். சிரிச்சுக்கிட்டே சொல்லுதான் அண்ணாச்சி.”

இப்படி வந்த முதல் ஆள் இவர் என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இரண்டு வருஷத்தில் இது நாலாவது. முன்பு ஒரு பழைய மாணவர் குழு. பிறகு பழைய நாணயம் சேர்க்கிறவர்களின் குழு. அந்த மேப்பைப் பார்த்தபோது எனக்கு வயிறே கலங்கியது: யார் வீட்டில் வெள்ளி நாணயம் இருக்கிறது என்று கள்ளனுக்கு வழி வரைந்து கொடுத்ததுபோல் இருந்தது. மூன்றாவது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர்களின் குழு. எந்தெந்த வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டியலை யாரும் தயாரிக்க முடியாது.

அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு குழு நடத்துகிறவருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர். ஓய்வுபெற்றவர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவர் சொன்னதைத்தான் மற்ற மூன்று பேரும் சொன்னார்கள்: “பேரா போட்டுருக்கோம் அண்ணாச்சி? வெறும் புள்ளிதானே.”

இந்த ‘வெறும் புள்ளி’தான் எனக்குத் தாங்கவில்லை. பொறுமையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

வண்ணார்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல் புள்ளி வைத்தால் அதற்குள் முப்பது குடும்பம் இருக்கும். யாரென்று தேட வேண்டும். நாற்பது வீட்டு ஊரில் புள்ளி வைத்தால் அது ஒரு கூரையின் மேல் உட்காருகிறது. செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றினால் மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, பின்னால் கிணறு தெரிகிறது, பக்கத்தில் இரண்டு தென்னை தெரிகிறது. வருகிறவன் பஸ் விட்டு இறங்கி டீக்கடையில் போனைக் காட்டி ‘இது யாரு வீடு?’ என்று கேட்டால் போதும். ‘அதுவா, கீழத்தெரு ரெண்டாவது வீடு, இன்னார் மக வீடுல்லா’ என்று பெயர், வேலை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது வரைக்கும் வந்துவிடும். நம்மூரில் வழி கேட்டவனுக்கு வழி மட்டும் சொல்லி அனுப்புகிற வழக்கம் கிடையாது. பெயர் எழுதாத புள்ளிக்கு ஊரே பெயர் எழுதிக் கொடுக்கும்.

பெரிய நிறுவனங்களுக்கே இந்தத் தவறு நடந்திருக்கிறது. ஓடுகிறவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் பயன்படுத்தும் ஸ்ட்ராவா என்ற செயலி, தன் பயனாளர்கள் உலகம் முழுக்க எங்கெங்கே ஓடினார்கள் என்பதை 2017 நவம்பரில் ஒரே வெளிச்ச வரைபடமாக வெளியிட்டது. ஒரு பெயர் கிடையாது. வெறும் ஒளிக்கோடுகள். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியக் கல்லூரி மாணவர் ஒருவர் கவனித்துச் சொன்ன பிறகுதான் உலகத்துக்கு உறைத்தது. நகரங்களில் ஒளி ஒன்றோடொன்று கலந்து யாரும் தெரியவில்லை. ஆப்கானிஸ்தான், சிரியா மாதிரி இடங்களில், சுற்றிலும் இருட்டாகக் கிடந்த நிலத்தின் நடுவே தனியாக மின்னிய கோடுகள் ராணுவ முகாம்களின் உள்பாதைகளைக் காட்டிக்கொடுத்தன. கூட்டம் இருக்கிற இடத்தில் புள்ளி ஒளிந்துகொள்ளும். ஆள் குறைந்த இடத்தில் புள்ளிதான் ஆள். நெல்லைச் சீமையில் பாதிக்கு மேல் ஆள் குறைந்த இடம்தான்.

இன்னொன்று. இதை வேறு ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது, உங்களுக்குப் புரியும். நம் ஊர்களில் புள்ளி எந்தத் தெருவில் விழுகிறது என்பதே ஒரு ஆளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். தெருப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்க 2025-ல் அரசாணை வந்தது. நல்ல காரியம். ஆனால் பலகையை மாற்றினாலும் எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பக்கத்து ஊர்க்காரனுக்குக்கூடத் தெரியும். குழுவில் ஒரு பையன் தன் பெயரோடும் தன் செடிகளோடும் மட்டும் எல்லாரிடமும் பழகிக்கொண்டிருப்பான். நீங்கள் புள்ளி வைத்த நிமிஷம், அவனைக் கேட்காமலேயே அவன் சாதியை மேப்பில் ஏற்றிவிட்டீர்கள். இந்த மாவட்டத்தில் அது எங்கே போய் முடியும் என்று நான் எழுதத் தேவையில்லை.

சரி, வீட்டின் மேல் வைக்காமல் சுற்றி அரைக் கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டோம் என்கிறார்கள் சிலர். வட்டத்தின் மையம் எங்கே இருக்கிறது? வீட்டில்தானே! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட காம்பஸை வைத்து மையத்தைக் கண்டுபிடிக்கும்.

அளவையாளனாக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். என் தொழிலில் சென்டிமீட்டர் தப்பினால் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள். அதனால் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழெட்டு இலக்கம் வரைக்கும் வைத்திருப்போம். அந்தப் பழக்கத்தை உங்கள் விதைக் குழுவுக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கம் என்றால் சுமார் 11 கிலோமீட்டர். 8.7, 77.7 என்று மட்டும் எழுதினால் திருநெல்வேலி டவுன், ஜங்ஷன், பாளை மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். இரண்டு இலக்கம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். மூன்று என்றால் 110 மீட்டர், தெரு தெரிந்துவிடும். நாலு என்றால் 11 மீட்டர், அது வீடு. ஐந்து என்றால் வாசல்படி. அந்தக் குழுவின் மேப்பைத் திறந்து பார்த்தேன், ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு இலக்கம் இருந்தது. ஆறு இலக்கம் என்பது 11 சென்டிமீட்டர். வெண்டை விதை கொடுக்க எதற்கு அய்யா 11 சென்டிமீட்டர்?

அந்தப் பெண் தன் வீட்டைத் தானாகக் குறித்துக் கொடுக்கவே இல்லை என்பது பேச்சுவாக்கில்தான் வெளியே வந்தது. போன வருஷம் கூரியரில் விதை வாங்குவதற்காக முகவரி கொடுத்திருக்கிறார். மேப் நிறைவாகத் தெரியட்டும் என்று குழு நடத்துகிறவர் அந்தப் பழைய கூரியர் பட்டியலை எடுத்து எல்லா முகவரிக்கும் புள்ளி வைத்துவிட்டார். கூரியருக்குக் கொடுத்த முகவரி கூரியருக்கு மட்டும்தான். 2023-ல் நம் நாட்டில் கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே அதுதான்: எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். சட்டம் கிடக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்குக் கொடுத்துவைத்த சாவியை நாம் நாலு பேருக்கு நகல் எடுத்துக் கொடுப்போமா?

மேப்பை அந்த மனிதர் ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டார். அழுகிற குரலில் மன்னிப்பும் கேட்டார். ஆனால் இணைப்பு கையில் இருந்த யாரும் அதை கே.எம்.எல். கோப்பாக, அதாவது எல்லாப் புள்ளியும் அதனதன் இடத்தோடு அடங்கிய கோப்பாக, இறக்கிக்கொள்ள முடிந்திருக்கிறது. இரண்டு பேர் இறக்கி வைத்திருந்ததாகக் குழுவிலேயே ஒப்புக்கொண்டார்கள். ஸ்கிரீன்ஷாட் வேறு எத்தனை குழுவுக்குப் போயிருக்கிறதோ. கொட்டிய நெல்லை அள்ளிவிடலாம், இதை அள்ள முடியாது.

குழு நடத்துகிறவர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மேப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஆட்கள் எங்கெல்லாம் பரவியிருக்கிறார்கள் என்று பார்ப்பது சந்தோஷமான விஷயம்தான். களக்காட்டில் ஒருவர், திசையன்விளையில் ஒருவர், மஸ்கட்டில் ஒருவர் என்று பார்க்கும்போது எனக்கும் மனசு நிறையும். ஆனால் வீட்டைக் குறிக்காதீர்கள். ஊரைக் குறியுங்கள். புள்ளியை அந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலோ தபால் ஆபீசிலோ வையுங்கள், அந்த ஊர்க்காரர் எத்தனை பேர் இருந்தாலும் அதே இடத்தில். ஒரு ஊரில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் ஊர் பெயரும் வேண்டாம், தாலுகாவோடு சேர்த்துவிடுங்கள். திருநெல்வேலி மாவட்டத்துக்கு எட்டு தாலுகா இருக்கிறது. எட்டுக்கும் ஆள் கணக்குப்படி வண்ணம் தீட்டினாலே பார்க்க அழகாக இருக்கும். ஊரை அந்தந்த ஆளே சொல்லட்டும். பழைய பட்டியலிலிருந்து நீங்களாக நிரப்பாதீர்கள். சொல்லாதவரைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். ‘இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்’ என்பதை அணைத்து வையுங்கள். விதை கைமாற வேண்டுமென்றால் இரண்டு பேரும் தனியாகப் பேசி, சந்தையிலோ கோயில் வாசலிலோ பார்த்துக்கொள்ளட்டும்.

உறுப்பினர்களுக்கும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பூ நன்றாகத் தெரிய வேண்டும் என்று படத்தை டாக்குமெண்டாக அனுப்புகிறீர்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸாப் அதிலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் கேமரா எழுதிவைத்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் அப்படியே போய்ச் சேரும். இந்தப் பெண் அனுப்பிய ஒரு செம்பருத்திப் படத்தை அவர் முன்னாலேயே திறந்து விவரங்களைக் காட்டினேன். அவர் வீட்டு மொட்டைமாடியின் கிழக்கு மூலை வந்து நின்றது. கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. கேமராவில் இடக்குறிப்பை இன்றைக்கே அணையுங்கள். நேரலை இருப்பிடத்தைக் குழுவில் போடவே போடாதீர்கள். ‘பொங்கல் முடிஞ்சுதான் ஊருக்கு வருவோம், செடிக்கு யாராவது தண்ணி ஊத்துவியளா’ என்று முந்நூறு பேர் முன்னால் கேட்காதீர்கள். பிறந்தநாள் வாழ்த்துக்கென்று தேதி, மாதம், வருஷம் மூன்றையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: அங்குள்ள அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்றை மட்டும் வைத்து அந்த நாட்டு மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வழியிருக்கிறது. மூன்றையும் நாம் குழுவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுகிறோம்.

இனி, கேட்டைத் தட்டிவிட்டான் என்றால்? பெண் தெளிவாக வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால், பின்தொடர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவில் அது குற்றம். முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிளாக் செய்வதற்கு முன் வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், அதுதான் சாட்சி. 181 பெண்களுக்கான உதவி எண். எந்த நேரத்திலும் கூப்பிடலாம். இவர் முதலில் ‘ஊர்ல பேசுவாவ அண்ணாச்சி’ என்று தயங்கினார். மறுநாள் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். காவல்துறையினர் அவனைக் கூப்பிட்டு விசாரித்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். கேட்டுக்கு இப்போது உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பூத் தொடுக்கும் அவருடைய அம்மா இப்போது உள்ளே உட்கார்ந்து தொடுக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை குழு நடத்துகிறவர் எனக்குப் புதுப் பட்டியல் ஒன்று அனுப்பினார். இந்தத் தடவை பெயரும் முகவரியும் இல்லை. அம்பாசமுத்திரம் தாலுகா 41, சேரன்மகாதேவி 23, நாங்குநேரி 17 என்று எண்ணிக்கை மட்டும். கடைசி வரி: ‘ஊர் சொல்ல விருப்பமில்லை, 11.’ அந்தப் பதினோரு பேரை எங்கே போடுவது என்று கேட்டார். வரைபடத்தின் ஓரத்தில் அதே பச்சையில் ஒரு கட்டம் வரைந்து, உள்ளே 11 என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.