அக்சஸிபிலிட்டி: அணுகலா, புழக்கமா?

‘சாய்தளம் போட்டிருக்கு, மாற்றுத்திறனாளிக்கு ஏத்த வீடு’ என்று சொல்லித்தான் என் அத்தைக்கு அந்த வீட்டை வாடகைக்கு விட்டார்கள். வாசலில் மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஓர் அடி ஏற்றத்துக்கு 12 அடி நீளம் என்பது கட்டட வழிகாட்டு நெறிகளில் உள்ள கணக்கு. அதன்படி 18 அடிச் சரிவு வேண்டும். அங்கே இருந்தது ஐந்தடிச் சிமெண்டுச் சரிவு. பின்னால் ஓர் ஆள் மூச்சுப்பிடித்துத் தள்ளினால் ஏறிவிடலாம். உள்ளே போன பிறகு குளியலறைக் கதவு. நிலைச்சட்டம் போக இரண்டடிதான் இடைவெளி, அத்தையின் சக்கர நாற்காலியோ 26 அங்குலம். போதாததற்கு நாலங்குலப் படி வேறு. நாற்காலியை வெளியே விட்டுவிட்டு, ஈரத்தரையில் கையை ஊன்றித் தவழ்ந்துதான் அவர் குளிக்கப் போவார்.

ஒருநாள் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தாள். கையில் படிவம். “வீடு திருப்தியா இருக்காம்மா?” என்று கேட்டாள். “பரவாயில்ல கண்ணு” என்றார் அத்தை. அவள் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வீடு என்ன சொல்லால் அளக்கப்பட்டது என்ற கேள்வி அன்று தொடங்கியதுதான்.

மாற்றுத்திறனாளியும் தடையின்றிப் பயன்படுத்தும்படி ஓர் இடம் அமைந்திருப்பதை ஆங்கிலத்தில் அக்சஸிபிலிட்டி என்கிறார்கள். அதன் வேர் லத்தீன். ‘அட்’ என்றால் கிட்ட, ‘கேதெரே’ என்றால் போதல். இரண்டும் சேர்ந்து கிட்டப் போதல். பொது இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக்க 2015 டிசம்பர் 3 அன்று மத்திய அரசு தொடங்கிய இயக்கத்துக்கு இந்தியில் ‘சுகம்ய பாரத்’ என்று பெயர். ‘கம்’ என்ற வடமொழி வேருக்கும் போதல்தான் பொருள். சுகம்ய என்றால் எளிதில் போகத்தக்கது. தமிழில் நாம் எடுத்துக்கொண்டது அணுகல். அதுவும் கிட்டப் போவதே.

அணுகல் நல்ல சொல், பழைய சொல். அண்மை, அண்டை, அணை எல்லாம் அதன் உடன்பிறப்புகள். ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்று 691ஆம் குறள், அரசனிடம் இருக்கவேண்டிய தூரத்தைக் குளிர்காய்பவரின் தூரத்தால் அளக்கிறது. நெருங்கிப் பணி செய்பவருக்கு அணுக்கன் என்று பெயர். தஞ்சைப் பெரியகோயிலில் கேரளாந்தகன், இராசராசன் வாயில்களைத் தாண்டினால் திருவணுக்கன் திருவாயில். இந்தச் சொல்லின் நினைவெல்லாம் வாசலைச் சுற்றியே இருப்பதைப் பாருங்கள். பேருந்து நிலையம், வாக்குச்சாவடி, வங்கி, கோயில் ஆகியவற்றுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அங்கெல்லாம் ‘அணுகல் வசதி’ என்றே எழுதலாம். ‘அணுகல்தன்மை’ மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. பேச்சில் ஒருவர் வாயிலும் நான் அதைக் கேட்டதில்லை. ‘தடையற்ற சூழல்’ என்பது சட்டத்திலும் அரசாணையிலும் சரிதான், ஆனால் எது இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

வீட்டுக்கு வேறு சொல் வேண்டும். வீட்டை யாரும் அணுகிவிட்டுத் திரும்புவதில்லை. அங்கே சமைக்கிறோம், துணி உலர்த்துகிறோம், இரவு இரண்டு மணிக்கு எழுந்து கழிப்பறைக்குப் போகிறோம். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லும் வினை நம்மிடம் இருக்கிறது: புழங்குதல்.

‘குடிக்க ஒரு குடம், புழங்க நாலு குடம்’ என்கிறோமே, அதில் வரும் புழங்குதல். ஓரிடத்தில் தாராளமாக நடமாடுவது, ஒரு பொருளைத் தினமும் கையாளுவது, மனிதர்களோடு கலந்து பழகுவது ஆகிய மூன்றும் அதற்குள் அடக்கம். ‘அடுப்படி சின்னது, ரெண்டு பேர் புழங்க முடியாது’ என்றால் முதல் பொருள். ‘அந்த வீட்டோட நாங்க புழங்குறதில்ல’ என்றால் மூன்றாவது. சாதியைச் சொல்லி மனிதரை விலக்கி வைத்த காயமும் இந்த மூன்றாவது பொருளில் ஏறியிருக்கிறது. விலக்கத்தின் வலி தெரிந்த சொல் என்பதாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம். (புழக்கடையை இதோடு சேர்க்கவேண்டாம். அது புழைக்கடை, புழை என்றால் சிறுவாயில்.)

ஆங்கிலத்துக்கும் ஒரே சொல் போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1987இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் எலினார் ஸ்மித் என்பவர், புதிதாகக் கட்டும் எந்த வீட்டுக்கும் சக்கர நாற்காலியில் ஒருவர் விருந்தாளியாக வர முடியவேண்டும் என்று இயக்கம் தொடங்கினார். படியில்லாத ஒரு வாசல், அகலமான கதவுகள், தரைத்தளத்தில் ஒரு கழிப்பறை, இவ்வளவுதான் கேட்டார். அதை ‘விசிட்டபிள்’, அதாவது வந்துபோகத்தக்க வீடு என்கிறார்கள். இங்கிலாந்தின் கட்டட விதிகள் 2015 முதல் வீடுகளை மூன்று படிநிலையில் வைக்கின்றன: வந்துபோகத்தக்கது, தேவைக்கேற்ப மாற்றியமைக்கத்தக்கது, சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கென்றே ஆனது. அத்தையின் வீடு முதல் படியைக்கூடத் தொடாது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்குத் தரச் சொல்கிறது. ஒதுக்கிய வீட்டில் அவர்கள் புழங்க முடிகிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. அதைக் கேட்கச் சொல் வேண்டும்.

கணக்கெடுப்புக்கு வந்த பெண் கேட்ட ‘திருப்தி’ வடசொல், தமிழில் நிறைவு. சொல்லில் குறையில்லை, கேள்வியில்தான் குறை. வேறு வீடு கிடைக்காது என்று தெரிந்தவரிடம், வீட்டுக்காரர் காதில் விழுமோ என்று அஞ்சுபவரிடம் நிறைவா என்று கேட்டால் ‘பரவாயில்லை’தான் வரும். அந்தப் பெண் போன பிறகு நான் அத்தையிடம் வேறு மாதிரி கேட்டேன்: “வீட்டுக்குள்ள எங்கெல்லாம் புழங்க முடியுது உங்களால?” கொஞ்ச நேரம் யோசித்து, கூடமும் படுக்கிற அறையும் என்றார். அடுப்பு மேடை எட்டாது. குளியலறை சொன்னதுதான். மாடியில் துணி காயப்போட்டு ஏழு வருஷம் ஆயிற்று என்றார். படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை.

ஆகவே என் பரிந்துரை: பொது இடத்துக்கு அணுகல் வசதி, வீட்டுக்குப் புழங்குவசதி. கட்டட வரைபடத்திலும் கணக்கெடுப்பிலும் இரண்டையும் தனித்தனியே கேட்கலாம். வாடகை விளம்பரத்தில் இப்படி எழுதலாம்: ‘தரைத்தளம், இரண்டு அறை, புழங்குவசதி உண்டு, குளியலறைக் கதவு 3 அடி, உள்ளே படி இல்லை, சக்கர நாற்காலி திரும்ப 5 அடி இடம்.’