நியூ வேவ்: சொல் வந்த வழியும் அதற்கான தமிழும்

‘நியூ வேவ்’ என்ற மேற்கத்திய இசை வகையில் தலைசிறந்த பாடல்கள் எவை என்று நாலு இசைப் பைத்தியங்கள் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே பேச்சு பாடல்களை விட்டு விலகிவிடும். நியூ ஆர்டர் குழுவின் ‘புளூ மண்டே’யை ஒருவர் சொன்னால் ‘அது நியூ வேவே கிடையாது’ என்று இன்னொருவர் பாய்வார். ஆ-ஹா குழுவின் ‘டேக் ஆன் மீ’யைச் சொன்னால் மூன்றாமவர் எழுந்தே போய்விடுவார். பாட்டு நன்றாயிருக்கிறதா என்பதில் பெரிய தகராறு இருக்காது, அந்தச் சொல்லுக்குள் அது அடங்குமா என்பதில்தான் சண்டை. அது தீராமல் இழுப்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்தப் பெயர் ஓர் இசையைக் காது கொடுத்துக் கேட்டு வைத்த பெயர் இல்லை. வேறு ஊரில் வேறு காரியத்துக்குப் பிறந்து, கடைசியில் இசைத்தட்டு விற்பவர்கள் கைக்கு வந்து சேர்ந்த பெயர்.

சரி, முதலில் பொருள். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய பங்க் ராக்கின் கூடப்பிறந்தது நியூ வேவ் என்று சொன்னால் முக்கால்வாசி சரியாக இருக்கும். கால் மணி நேரம் நீளும் பாட்டு, முடிவில்லாத கிட்டார் சாகசம், மேடையில் மகாராஜா மாதிரி நிற்கும் நட்சத்திரம் என்று ராக் இசை ஊதிப் பெருத்திருந்ததைப் பங்க் வெறுத்தது, நியூ வேவும் வெறுத்தது. ஆனால் கிட்டாரும் ஆத்திரமும் போதும் என்று பங்க் நின்ற இடத்தில் இது நிற்கவில்லை. மின்னணு ஒலிகளை உண்டாக்கும் சின்தசைசரைத் தொட்டது, டிஸ்கோ தாளத்தைத் தொட்டது, ஜமைக்காவின் ரெகேயைத் தொட்டது, மூன்றரை நிமிஷத்தில் காரியத்தை முடித்தது. கிட்டாரை இழைக்காமல் வெட்டி வெட்டி வாசிப்பார்கள். பாடுகிறவர் உருகமாட்டார், படபடப்பாகவோ அல்லது யாருக்கோ வந்த நோட்டீஸைப் படிக்கிற குரலிலோ பாடுவார். காலம் ஏறக்குறைய 1976 முதல் 1984 வரை. இந்தக் கடைசி வருஷத்தைப் பற்றியும் சண்டை உண்டு.

சொல் பிரான்சில் பிறந்தது. 1957இல் ‘லெக்ஸ்பிரஸ்’ வார இதழில் பிரான்சுவாஸ் ஜிரூ என்ற பத்திரிகையாளர் அன்றைய இளந்தலைமுறை என்ன நினைக்கிறது என்று கேட்டு எழுதியபோது வைத்த பெயர் ‘நூவெல் வாக்’. நூவெல் என்றால் புதிய, வாக் என்றால் அலை. 1959இல் த்ரூஃபோ, 1960இல் கொதார் என்ற பிரெஞ்சு இயக்குநர்களின் முதல் முழுநீளப் படங்கள் வந்து சினிமா உலகம் அதிர்ந்தபோது அந்தப் பெயர் அவர்கள் தலையில் ஏறிக்கொண்டது. அப்புறம் அது ஊர் ஊராகப் போனது: செக் சினிமா, ஜப்பானிய சினிமா, இந்திய சினிமா, 1960களின் ஆங்கில அறிவியல் புனைகதை என்று யார் பழையதை உடைத்தாலும் ‘புதிய அலை’தான்.

இசைக்கு அது உறுதியாக ஒட்டியது 1976இல். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை நடத்திய மால்கம் மெக்லாரன் வாயில் புழங்கிய சொல்லை, அந்த வருஷ நவம்பரில் லண்டனின் ‘மெலடி மேக்கர்’ இதழில் கரோலைன் கூன் எடுத்துக்கொண்டு, பங்க் என்று சொல்ல முடியாமல் ஆனால் அதே கூட்டத்தில் புழங்கிய குழுக்களைக் குறிக்கப் பயன்படுத்தினார். அதுவரை சரி, ஏதோ விமர்சகர்கள் கைவேலை. உண்மையான திருப்பம் அமெரிக்காவில். நியூயார்க்கின் சிபிஜிபி என்ற இருட்டு மதுக்கூடத்தில் (பெயரின் நாலு ஆங்கில எழுத்துகளும் கண்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் இசைகளைக் குறிப்பவை, வந்து குடியேறியதோ பங்க்) டெலிவிஷன், ரமோன்ஸ், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ் எல்லாம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ரமோன்ஸையும் டாக்கிங் ஹெட்ஸையும் ஒப்பந்தம் செய்திருந்தவர் சையர் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் சீமோர் ஸ்டைன். பங்க் என்றாலே வானொலி நிலையங்கள் கதவைச் சாத்தின. அடிதடி, எச்சில் துப்பல், கெட்ட வார்த்தை என்று அதன் பெயர் அவ்வளவு நாறியிருந்தது. 1977 அக்டோபரில் சையர் ஒரு விளம்பர இயக்கமே நடத்தியது: இதைப் பங்க் என்று சொல்லாதீர்கள், நியூ வேவ் என்று சொல்லுங்கள் என்று. சரக்கு அதே, சீட்டு மட்டும் வேறு.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், சீட்டை மாற்றியதும் சரக்கும் மாற ஆரம்பித்தது. வானொலியில் போகக்கூடிய, கொஞ்சம் நடனமும் ஆடக்கூடிய, ஆனால் பழைய ராக் வாசனை அடிக்காத பாடல்களுக்கு ஒரு அலமாரி கிடைத்துவிட்டது. பாஸ்டனின் தி கார்ஸ் 1978இல் ‘ஜஸ்ட் வாட் ஐ நீடட்’ உடன் வந்தபோது நேராக அந்த அலமாரியில் உட்கார்ந்தார்கள்.

இதற்கப்புறம் இங்கிலாந்தும் அமெரிக்காவும் சொல்லை இரண்டு திசையில் இழுத்தன. லண்டன் பத்திரிகைக்காரர்களுக்குச் சில மாதத்துக்கு ஒரு புதுப் பெயர் வேண்டும். 1980 தாண்டும்போது அவர்கள் போஸ்ட்-பங்க் (பங்கை அடுத்து வந்தது), நியூ ரொமான்டிக் (பகட்டு உடைக்காரர்கள்), சின்த்பாப் (சின்தசைசரை நம்பியது) என்று கூறு போட்டு நியூ வேவைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் நேர்மாறு. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி என்ற இசை வீடியோ தொலைக்காட்சி ஆரம்பித்தது, முதலில் ஒளிபரப்பியது பகிள்ஸின் ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’. நாள் முழுக்க நிரப்ப வீடியோ வேண்டும், அது தயாராக இருந்தது பிரிட்டிஷ் குழுக்களிடம். டுரான் டுரான் 1982இல் இலங்கைக்கே போய், சிகிரியா பாறை உச்சியில் நின்றுகொண்டு ‘சேவ் எ பிரேயர்’ எடுத்து வந்திருந்தார்கள். ‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’ வீடியோவும் அதே பயணத்தில் எடுத்ததுதான். விசித்திரமான தலைமுடி, சின்தசைசர், பிரிட்டிஷ் உச்சரிப்பு இருந்தால் போதும், அமெரிக்கர்களுக்கு அது நியூ வேவ். ஆகவே ஒரே பாட்டைப் பற்றி ஓர் அமெரிக்கரும் ஒரு பிரிட்டிஷ்காரரும் சண்டை போட்டால் இருவரும் அவரவர் ஊர் அகராதிப்படி சரியாகத்தான் பேசுகிறார்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. பங்கின் பொறுமையின்மையும் நக்கலும் பாட்டுக்குள் எங்காவது இருக்க வேண்டும், அதே சமயம் பாட்டு பங்காக இருக்கக் கூடாது. சின்தசைசர் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம் பட்சம்.

பிளாண்டியின் ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ இதற்கு நல்ல சோதனை. 1970களின் நடுவிலேயே எழுதி, ‘டிஸ்கோ பாட்டு’ என்று தங்களுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்த இந்தப் பாடலை 1978இல் மைக் சாப்மன் தயாரிப்பில் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் டிக்டிக்கென்று ஓடுவது ரோலண்ட் சிஆர்-78 என்ற தாள இயந்திரம், அதன்மேல் கிளெம் பர்க்கின் நிஜ டிரம்ஸ். 1979இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். சிபிஜிபி கூட்டாளிகள் கொதித்துப்போய், டிஸ்கோவுக்கு விலை போய்விட்டார்கள் என்றார்கள். எனக்கு இதுதான் அசல் நியூ வேவ். நடுவே வாத்தியம் மட்டும் வரும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள்: சீராக நாலு நாலாகப் போன தாளத்தில் ஓர் அடி காணாமல் போய் ஏழாகிவிடும், நம்ம ஊர்க் கணக்கில் மிஸ்ரம். ஆடிக்கொண்டிருப்பவர் கால் தடுக்கும். டிஸ்கோவை நேசிக்கிறவர் ஆடும் தளத்தில் அப்படி வழுக்குக் கல் வைக்கமாட்டார். மேலே பாடகி டெபி ஹாரி காதல் முறிந்ததைப் பற்றிப் பாடுகிற குரலில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

ஸ்விண்டன் ஊர்க்காரர்களான எக்ஸ்டிசியின் ‘மேக்கிங் பிளான்ஸ் ஃபார் நைஜல்’ (1979) பட்டியலில் இல்லாவிட்டால் அந்தப் பட்டியலை நான் நம்பமாட்டேன். பையனுக்கு என்ன வேலை, எங்கே வேலை என்று பெற்றோரே தீர்மானித்துவிடுகிறார்கள், பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற எஃகு நிறுவனத்தில் அவன் எதிர்காலம் பத்திரம், அவனுக்கும் அதுதான் பிடிக்குமாம். பாட்டு முழுக்க நைஜல் வாயே திறப்பதில்லை. பொறியியல் கல்லூரி கவுன்சிலிங்குக்கு அப்பா அம்மாவோடு போய் வந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

டாக்கிங் ஹெட்ஸின் ‘சைக்கோ கில்லர்’ (1977) பற்றி விவாதமே வேண்டாம். டீனா வேமத்தின் பேஸ் கிட்டார் ஆரம்பித்த கணத்திலேயே தீர்ப்பு வந்துவிடும், போதாக்குறைக்குப் பாட்டின் நடுவில் பிரெஞ்சு வேறு. எல்விஸ் கோஸ்டெல்லோவின் ‘பம்ப் இட் அப்’, டீவோவின் ‘விப் இட்’, கேரி நியூமனின் ‘கார்ஸ்’ மூன்றும் அப்படியே உள்ளே.

ஹ்யூமன் லீகின் ‘டோன்ட் யூ வான்ட் மீ’ (1981) கொஞ்சம் சிக்கல், சின்த்பாப் என்று தனிக்குடித்தனம் வைக்கலாம் என்பார்கள். பாடிய பில் ஓக்கிக்கே இது பிடிக்கவில்லை, ‘டேர்’ ஆல்பத்தின் கடைசியில் ஒளித்து வைத்தார். இசை நிறுவனம் பிடிவாதமாகத் தனித்தட்டாக வெளியிட, பிரிட்டனில் கிறிஸ்துமஸ் முதலிடம், 1982இல் அமெரிக்காவிலும் முதலிடம். முதல் சரணத்தில் அவர் ‘உன்னை ஆளாக்கியது நான்’ என்று பெருமையடிக்க, ஷெஃபீல்டின் ஓர் இரவு விடுதியில் ஆடிக்கொண்டிருந்தபோது குழுவில் சேர்க்கப்பட்ட சூசன் ஆன் சல்லி, பெரிய பாடகிக்கான பாவனை ஏதுமில்லாத குரலில் அதை மறுக்கிறார். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் குரலுக்காகவே உள்ளே விடுவேன்.

‘புளூ மண்டே’ (1983) வெளியே. தலைசிறந்த பாட்டு, உலகில் மிக அதிகம் விற்ற 12 அங்குலத் தனித்தட்டு, ஃபிளாப்பி டிஸ்க் வடிவத்தில் பீட்டர் சாவில் செய்த உறை, எல்லாம் சரி. ஆனால் ஏழரை நிமிஷம் ஓடும் அந்தப் பாட்டின் கண் முழுக்க நடன விடுதியில் இருக்கிறது, அது அடுத்து வந்த இசையின் முதல் பாட்டு. நியூ ஆர்டர்காரர்கள் ஜாய் டிவிஷன் என்ற போஸ்ட்-பங்க் குழுவின் வாரிசுகள் என்பதால் மட்டும் சலுகை தர முடியாது. 1985இல் பிரபலமான ‘டேக் ஆன் மீ’யில் நக்கலே கிடையாது, சுத்தமான காதல் பாப், அதுவும் வெளியே. இங்கே சிலர் என்னை விட்டுப் போவார்கள், பரவாயில்லை.

இப்போது தமிழ். ‘புதிய அலை’ என்பது சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் தமிழில் அந்த இடத்தில் சினிமா ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. பிரெஞ்சுப் படங்களையும் பிற்பாடு வந்த இந்திய மாற்றுப் படங்களையும் குறித்துச் சிறுபத்திரிகைகள் நெடுநாளாக அப்படித்தான் எழுதுகின்றன. ஸ்பானிஷில் இதே சிக்கல்: ‘நுவேவா ஓலா’ என்றால் அதுவும் புதிய அலைதான், ஆனால் அது 1960களின் தென்னமெரிக்க இளைஞர் பாப்பைக் குறிக்கும். ஜெர்மன்காரர்கள் சாமர்த்தியமாக ‘புதிய ஜெர்மன் அலை’ என்று தங்கள் பெயரையும் நடுவில் செருகிக்கொண்டார்கள், நேனாவின் 99 பலூன் பாட்டு அந்த வகை. கலிஃபோர்னியாவின் வியட்நாமியக் குடும்பங்களில் ‘நியூ வேவ்’ என்று ஆங்கிலத்திலேயே சொல்வார்கள், ஆனால் போடுவது மாடர்ன் டாக்கிங் போன்ற ஐரோப்பிய டிஸ்கோ. சொல் அப்படியே போனாலும் பொருள் கூடவே போகும் என்று உத்தரவாதம் இல்லை.

தமிழில் சேர்த்து எழுத இலக்கணப்படி ‘புத்தலை’ வரும், புத்தாண்டு, புத்தாடை மாதிரி. அழகான சொல்தான், ஆனால் படிக்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது தலை. ‘நவீன அலை’ தவறு, நவீனம் வேறு புதுமை வேறு. ‘புதிய அலைவரிசை’ என்று எழுதினால் ஏதோ பண்பலை வானொலி தொடக்க விழா என்று நினைப்பார்கள்.

நான் எழுதுவது ‘புது அலை இசை’. ‘இசை’யை விடக் கூடாது, விட்டால் தேர்தல் அலையா கொரோனா அலையா என்ற கேள்வி வரும். அடையாக வரும்போது ஒற்று மிகும்: புது அலைக் குழு, புது அலைப் பாடல். கட்டுரையில் முதல் தடவை ‘நியூ வேவ் எனும் புது அலை இசை’ என்று அறிமுகம் செய்துவிட்டு, அப்புறம் எது வாய்க்கு வருகிறதோ அதை எழுதலாம். பங்கை மட்டும் தமிழாக்கத் தொடாதீர்கள். ‘பங்குக்குப் பிந்தைய இசை’ என்று யாராவது எழுதினால் பங்குச் சந்தைக்காரர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள், போஸ்ட்-பங்க் என்றே இருக்கட்டும்.

அயர்ன் மெய்டன் வகையறா ஹெவி மெட்டல் குழுக்களை 1979இல் ‘சவுண்ட்ஸ்’ இதழ் ‘பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் நியூ வேவ்’ என்று அழைத்தது. பெயரில்தான் ஒற்றுமை, இசையில் இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அதைத் தமிழில் எழுதும்போது ‘பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் புது அலை’ என்று முழுசாக எழுதுங்கள், சுருக்க வேண்டாம்.