எந்தக் காற்றுக்கு எந்தக் கருவி?

புகைமூட்டம் வருகிறது என்ற செய்தி கிளம்பினால் போதும், ஏர் பியூரிஃபையர் எங்கே கிடைக்கும் என்ற தேடலும் கிளம்பிவிடும். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் மூன்று மணி நேர பிஎஸ்ஐ, அதாவது காற்றுமாசுக் குறியீடு, 401ஐத் தொட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் புரியும். ஆனால் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் கருவிகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. துகளைப் பிடிப்பது ஒன்று, வாடையைப் பிடிப்பது இன்னொன்று, ஈரத்தை இழுப்பது வேறொன்று. வீட்டில் எது தொல்லை என்று தெரிந்துகொள்ளாமல் விலைப்பட்டியலைப் புரட்டிப் பயனில்லை.

துகளிலிருந்து தொடங்கலாம். புகைமூட்டத்தில் நம்மைப் படுத்துவது பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள். இவற்றுக்கு ஹெப்பா வடிகட்டிதான் சரியான ஆள். பலர் இதை மாவு சலிக்கும் சல்லடை மாதிரி நினைக்கிறார்கள். ஓட்டையைவிடச் சிறியதெல்லாம் நழுவிப் போய்விடும் என்று. அப்படி இல்லை. ஹெப்பா என்பது தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் மெல்லிய இழைகளின் காடு. பெரிய துகள், காற்று இழையைச் சுற்றி வளையும்போது கூடவே வளைய முடியாமல் நேராகப் போய் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளோ காற்று மூலக்கூறுகளிடம் இடி வாங்கித் தள்ளாடியபடியே போகும்; அந்தத் தள்ளாட்டத்தில் ஏதாவது ஓர் இழையில் சிக்கும். இரண்டுக்கும் நடுவே, 0.3 மைக்ரோமீட்டர் அளவில் இருப்பவைதான் தப்பிக்க அதிக வாய்ப்புள்ளவை. அதனால்தான் சோதனையையே அந்த அளவில் வைத்து, அங்கே 99.97 விழுக்காடு பிடிக்க வேண்டும் என்கிறார்கள். 'வைரஸ் 0.3ஐவிடச் சிறியது, ஹெப்பா பிடிக்காது' என்று வாட்ஸ்அப்பில் வருவது அதனால் தவறு.

சரி, வடிகட்டி நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அதன் வழியே எவ்வளவு காற்று போகிறது என்பதும் முக்கியம். பெட்டியில் சிஏடிஆர் என்று ஓர் எண் இருக்கும். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்பதே அது. 12 சதுர மீட்டர் படுக்கையறை, 2.6 மீட்டர் உயரம் என்றால் சுமார் 31 கன மீட்டர் காற்று. அதை மணிக்கு ஐந்து முறை சுத்தப்படுத்த 155 சிஏடிஆர் தேவை. அந்த எண்ணைப் பெரும்பாலும் முழு வேகத்தில்தான் அளந்திருப்பார்கள். இரவில் சத்தம் தாங்காமல் நாம் வேகத்தைக் குறைத்தால் அதில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே கணக்குக்கு மேலேயே வாங்கி மெதுவாக ஓடவிடுவது நல்லது. 'இத்தனை சதுர மீட்டருக்கு ஏற்றது' என்ற விளம்பர வரியை நான் நம்புவதில்லை. மணிக்கு எத்தனை முறை என்று அது சொல்லாது.

வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு வருவோம். புகைத்துகளை ஹெப்பா பிடித்துவிடும், மணம் அப்படியே நிற்கும். மணமும் புதுப் பெயிண்ட் வாடையும் வாயுக்கள். அவற்றுக்குச் செயலூட்டப்பட்ட கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) வேண்டும். கரித்தூள் தடவிய மெல்லிய தாள் சீக்கிரமே நிரம்பிவிடும். எடை கூடிய கரி உள்ள வடிகட்டியே நெடுநாள் உழைக்கும்.

இங்கே பல வீடுகளின் உண்மையான தொல்லை ஈரம். அலமாரியில் பட்டுப்புடவையில் பூஞ்சை, கைப்பையில் வெள்ளைப் படலம். இதற்குப் பியூரிஃபையர் வாங்குவது பணத்துக்குப் பிடித்த கேடு, ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர்தான் வேண்டும். ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால் பூஞ்சை அடங்கும், 50க்குக் கீழே போனால் தூசிப் பூச்சிகளும் தவிக்கும். 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் மேலே சொன்ன அறையின் காற்றில் இருக்கும் தண்ணீர் முக்கால் லிட்டருக்கும் குறைவு. அப்படியிருந்தும் தொட்டி லிட்டர் லிட்டராக நிரம்புகிறதா? ஜன்னல் திறந்திருக்கிறது, அல்லது உள்ளே துணி காய்கிறது என்று அர்த்தம். கருவி அறையைச் சற்றுச் சூடாக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஹியூமிடிஃபையரை மட்டும் தவறி எடுத்துவிடாதீர்கள். அது ஈரத்தைச் சேர்க்கும் கருவி.

கடைசியாக ஏர்கான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வழக்கமாகச் சுவரில் மாட்டும் வகை, உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. வெளியே கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு. கதவும் ஜன்னலும் இறுக மூடிய சிறிய அறையில் இருவர் தூங்கினால் விடிவதற்குள் அது 2000ஐத் தொடுவது சாதாரணம். ஹெப்பாவும் கரியும் இதைத் தொடவே தொடாது. புகைமூட்டம் இல்லாத நாட்களில் ஜன்னலை ஒரு கை அகலம் திறந்துவைத்தால் போதும், செலவே இல்லை. புகைமூட்ட நாட்களில் தேசிய சுற்றுப்புற அமைப்பின் ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைப் பாருங்கள். அது கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராமுக்குள் இறங்கும் நேரத்தில் கொஞ்சம் திறந்துவிட்டு, அப்புறம் மூடிப் பியூரிஃபையரை வேகமாக ஓடவிடலாம்.